சீருடையும் குடியுரிமையும் – பகுதி 9: நான்கு நாள் குடிமகன்

ரோமானியத் துணைப்படையில் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த அயல்குல வீரன் பேரரசின் குடிமகனாக ஓய்வுபெற்ற முறையையும், அதற்கு அத்தாட்சியாக அவனுக்கு அளிக்கப்பட்ட வெண்கலத் தகடுகளையும் இத்தொடரின் தொடக்கப் பகுதிகள் விவரித்தன. சென்ற பகுதி அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு வந்து சேர்ந்தது. தரைப்படையில் பணிபுரிந்து நன்மதிப்போடு விடுவிக்கப்பட்ட அயல்நாட்டவர் ஓராண்டு வசிப்பை மட்டும் காட்டிக் குடியுரிமை கேட்கலாம் என்று 1862ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டதும், மற்றவர்கள் அதே உரிமைக்கு ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்ததும் அங்கே சொல்லப்பட்டன.

ஆனால் அந்தச் சலுகைக்கு அடியில் பழைய சட்டம் ஒன்று கிடந்தது. விண்ணப்பத்தின் வழியாகக் குடியுரிமை பெறும் தகுதி சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டுமே உரியது என்று 1790இல் அமெரிக்க நாடாளுமன்றமாகிய காங்கிரஸ் விதித்திருந்தது. அடிமைமுறை ஒழிந்தபின் 1870இல் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களும் ஆப்பிரிக்க மரபினரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஆசியர்களைப் பற்றிச் சட்டம் வாய்திறக்கவில்லை. அந்த மௌனத்தை என்னவென்று கொள்வது என்பது ஒவ்வொரு மாவட்ட நீதிபதியின் மனப்போக்கைப் பொறுத்ததாயிற்று.

இந்த மௌனத்தைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர், தலைப்பாகையோடு அமெரிக்கப் படைச்சீருடை அணிந்த பஞ்சாபியர்.

ஆள் தேவைப்பட்ட அரசு

1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியபோது அதன் நிலைப்படை சிறியது. ஐரோப்பியப் போர்முனைக்கோ இலட்சக்கணக்கில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். மே மாதம் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் நிறைவேறியது. குடிமக்கள் மட்டுமன்றி, குடிமகனாக விரும்புவதாக நீதிமன்றத்தில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்த குடியேறிகளும் இச்சட்டத்தின் பிடிக்குள் வந்தார்கள். வழக்கில் ‘முதல் தாள்’ எனப்பட்ட அந்த விருப்ப அறிவிப்பு, அதுவரை உரிமைக்கான முதற்படியாக மட்டுமே இருந்தது. போர் அதைக் கடமைக்கான ஒப்புதலாகவும் ஆக்கிவிட்டது.

போரில் நடுநிலை வகித்த நாடுகளிலிருந்து வந்தவர்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று 1918 ஜூலையில் ஒரு சட்டம் இடமளித்தது. ஆனால் அப்படி விலகியவர் பிறகு எக்காலத்திலும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்றும் அதே சட்டம் சொல்லிற்று. சேவைக்கும் குடியுரிமைக்கும் இடையிலான பேரத்தை இவ்வளவு அப்பட்டமாக எழுதிவைத்த அரசுகள் குறைவு.

அந்தப் பேரத்தின் மறுபக்கம் இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1918 மே 9 அன்று நிறைவேறிய சட்டம், அமெரிக்கப் படைகளில் பணியாற்றும் ‘எந்த அயல்நாட்டவரும்’ முதல் தாளோ ஐந்தாண்டு வசிப்புக்கான சான்றோ இன்றி, கட்டணமும் செலுத்தாமல் குடியுரிமை பெறலாம் என்றது. படைமுகாம்களுக்கே நீதிமன்றங்கள் சென்றன. வரிசையில் நின்ற வீரர்கள் கையை உயர்த்தி ஒரே நேரத்தில் உறுதிமொழி எடுத்தார்கள். 1919 ஜூன் முடிவதற்குள் சுமார் 1,92,000 பேர் இந்த வழியாகக் குடிமக்களானார்கள்.

இத்தாலியர், போலந்துக்காரர், ரஷ்ய யூதர் என இந்தப் பெரும் எண்ணிக்கையின் பெரும்பகுதி ஐரோப்பியரே. அவர்களைப் பொறுத்தவரை சிக்கல் ஏதும் எழவில்லை. ‘எந்த அயல்நாட்டவரும்’ என்று எழுதியவர்கள் ஆசிய வீரர்களையும் மனத்தில் கொண்டுதான் எழுதினார்களா என்ற கேள்வி மட்டும் தீர்க்கப்படாமலே நின்றது. ஹவாயில் ஒரு நீதிபதி இச்சொற்களை அப்படியே ஏற்று, நூற்றுக்கணக்கான ஜப்பானிய வீரர்களுக்குக் குடியுரிமை வழங்கினார். பிற இடங்களில் நீதிமன்றங்கள் அவ்வளவு தாராளமாக இல்லை.

அமிர்தசரஸிலிருந்து ஓரிகனுக்கு

பகத் சிங் திந்த் 1892இல் அமிர்தசரஸ் மாவட்டத்தில் பிறந்தவர். லாகூர் சதி வழக்கில் 1931இல் தூக்கிலிடப்பட்ட பகத் சிங் இவரல்லர். அமிர்தசரஸ் கால்சா கல்லூரியில் படித்துவிட்டு, மேற்படிப்பு நாடி 1913இல் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு வந்தார். பிழைப்புக்கு அந்தக் கரையோரத்தில் பஞ்சாபியருக்கு எளிதில் கிடைத்த வேலையையே அவரும் பார்த்தார். ஓரிகன் மாநிலத்தின் மர அறுவை ஆலைகளில் கூலியாளானார்.

அந்த ஆலைகளில் பஞ்சாபியரின் வாழ்வு பாதுகாப்பானதாக இல்லை. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்காம் நகரில் வெள்ளைத் தொழிலாளர் கும்பல் ஒன்று இந்தியர்களின் தங்குமிடங்களுக்குள் புகுந்து, அவர்களை அடித்து, ஊரைவிட்டே துரத்தியிருந்தது. குறைந்த கூலிக்கு வேலைசெய்து தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. ஆலை முதலாளிகள் இரு தரப்புக்கும் கொடுத்த கூலியைப் பற்றி யாரும் ஊர்வலம் போகவில்லை.

இந்தியாவின் விடுதலைக்கு ஆயுதவழி நாடிய கதர் இயக்கம் வேர்விட்டதும் இதே மண்ணில்தான். ஓரிகனின் அஸ்டோரியா நகரத்து ஆலைத் தொழிலாளர்களின் கூட்டங்களில் 1913இல் உருப்பெற்ற இவ்வியக்கத்தின் தலைவர்கள் சிலரோடு திந்துக்குப் பழக்கம் இருந்தது. பிரிட்டிஷ் உளவாளிகள் இந்த வட்டாரத்தை இடைவிடாமல் கண்காணித்தார்கள். ஜெர்மானியர் உதவியோடு இந்தியாவில் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வழக்கு 1918 ஏப்ரலில் முடிவுக்கு வந்த நாளன்று, கதர் தலைவர் ராம் சந்திரா நீதிமன்ற அறைக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

அது நடந்து மூன்று மாதங்களில், 1918 ஜூலை 22 அன்று, திந்த் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார்.

பிரிட்டன் அப்போது அமெரிக்காவின் போர்க்கூட்டாளி. இந்தியாவிலிருந்து பிரிட்டிஷார் வெளியேற வேண்டும் என்று விரும்பிய ஒருவர், பிரிட்டனோடு தோள்சேர்ந்து போரிட்ட ஒரு படையின் சீருடையை அணிந்ததை முரண்பாடு என்று எளிதில் சொல்லிவிடலாம். அமெரிக்கக் குடியுரிமை என்னும் கவசம் இருந்தால் நாடுகடத்தப்பட்டு பிரிட்டிஷார் கையில் சிக்க நேராது என்பது அன்றைய இந்தியர் பலருக்கும் தெரிந்திருந்ததால், அதில் முரண்பாட்டைவிட முன்யோசனையைக் காண்பதே பொருத்தம்.

வாஷிங்டன் மாநிலத்தின் லூயிஸ் முகாமில் அவர் பயிற்சி பெற்றார். அங்கே எடுக்கப்பட்ட நிழற்படங்களில் தாடியும் தலைப்பாகையுமாக, மற்ற வீரர்களின் அதே சீருடையில் அவர் நிற்கிறார். சமய அடையாளமாகிய தலைப்பாகையை அவர் களைய வேண்டும் என்று படை வற்புறுத்தவில்லை. நவம்பர் 8 அன்று தற்காலிக சார்ஜென்டாக உயர்த்தப்பட்டார். மூன்றே நாளில், நவம்பர் 11 அன்று, போர் ஓய்ந்தது. அவர் கடல் கடந்து போர்முனைக்குச் செல்லவே இல்லை.

டிசம்பர் 9 முதல் 13 வரை

1918 டிசம்பர் 9 அன்று, வாஷிங்டன் மாநிலத்தில், சீருடையோடு சென்ற திந்துக்கு நீதிமன்றம் குடியுரிமைச் சான்றிதழை வழங்கியது. அவர் இன்னும் படையில்தான் இருந்தார். மே மாதச் சட்டம் யாரை நோக்கி எழுதப்பட்டதோ, அந்த நிலையிலேயே அவர் இருந்தார் என்று வாதிட முழு இடமிருந்தது.

டிசம்பர் 13 அன்று அந்தச் சான்றிதழ் ரத்துசெய்யப்பட்டது. நீதிமன்றங்கள் வழங்கும் குடியுரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு தொழிலாளர் துறையின் கீழிருந்த குடியுரிமைச் செயலகத்துக்கு உரியது. அந்தச் செயலகம் எதிர்ப்புத் தெரிவித்ததே காரணம். அதன் ஆட்சேபத்தில் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியோ சேவையைப் பற்றியோ குறை ஏதுமில்லை. அவர் வெள்ளையர் அல்லர் என்பது ஒன்றே அது சொன்ன குறை.

டிசம்பர் 16 அன்று படை அவரை விடுவித்தது. விடுவிப்பு ஆவணத்தில் அவருடைய நடத்தை ‘மிகச் சிறப்பு’ என்று பதியப்பட்டது.

ஒரே அரசின் இரு அலுவலகங்கள், மூன்று நாள் இடைவெளியில், ஒரே மனிதரைப் பற்றி எழுதிய இவ்விரு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. அவர் சிறந்த வீரரல்லர் என்று செயலகம் சொல்லவில்லை. அவர் வெள்ளையர் என்று படையும் சொல்லவில்லை. படை தன் ஆளை எடுத்துக்கொள்ளும்போது கேட்காத கேள்வியை, உரிமை கொடுக்க வேண்டிய வேளையில் செயலகம் கேட்டது.

போர்ட்லாண்டில் இரண்டாம் முயற்சி

திந்த் பின்வாங்கவில்லை. 1919 மே மாதம் பக்கத்து மாநிலமாகிய ஓரிகனில் மீண்டும் விண்ணப்பித்தார். செயலகம் இம்முறை நிறத்தோடு அரசியலையும் சேர்த்துக்கொண்டு, கதர் இயக்கத்தாரோடு அவருக்கு இருந்த தொடர்பை முன்வைத்தது. ஒன்றரை ஆண்டு இழுபறிக்குப்பின் 1920 நவம்பர் 18 அன்று மாவட்ட நீதிபதி சார்லஸ் வுல்வர்ட்டன் தீர்ப்பளித்தார்.

இத்தொடரின் நோக்கில், இவ்வழக்கு முழுவதிலும் படைச்சேவையை நேருக்குநேர் பார்த்த தீர்ப்பு இது ஒன்றுதான் எனலாம். அவர் படையில் ஆறு மாதங்களுக்குக் குறைவாக இருந்ததையும் நன்மதிப்போடு விடுவிக்கப்பட்டதையும் நீதிபதி குறித்துக்கொண்டார். இந்தியா இந்தியருக்கே என்ற கொள்கையை திந்த் மறைக்காமல் ஒப்புக்கொண்டதையும், அதற்கு ஆயுதப் புரட்சியை நாடுவதாகக் கூறப்பட்டதை மறுத்ததையும் எடைபோட்டு, அவர் அமெரிக்க அரசமைப்பின்மேல் பற்றுடையவரே என்று முடிவுசெய்தார். பார்சியர் ஒருவரை வெள்ளையராக ஏற்று நியூயார்க்கில் 1910இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு போன்ற முன்னுதாரணங்களும் இருந்ததால், திந்த் இரண்டாம் முறையாகக் குடிமகனானார்.

அரசு மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தானே முடிவு சொல்லாமல், இரண்டு கேள்விகளை வகுத்து உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பியது. அமிர்தசரஸில் பிறந்த, முழு இந்திய இரத்தமுடைய உயர்சாதி இந்து ஒருவர் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர்தானா என்பது முதற் கேள்வி. இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைப்பகுதியாக அறிவித்து, அங்கிருந்து புதிதாகக் குடியேறுவதை நிறுத்திய 1917ஆம் ஆண்டுச் சட்டம், அதற்குமுன் முறைப்படி வந்தவர்களின் குடியுரிமைத் தகுதியையும் பறிக்கிறதா என்பது மற்றொன்று.

வழக்கின் போக்கைத் தீர்மானித்த இடம் இதுவே. அனுப்பப்பட்ட இரு கேள்விகளிலும் படைச்சேவையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. லூயிஸ் முகாமும் சார்ஜென்ட் பதவியும் விடுவிப்பு ஆவணமும் போர்ட்லாண்டிலேயே நின்றுவிட்டன. வாஷிங்டன் நகருக்குப் பயணம் செய்தது அவருடைய இரத்தம் மட்டுமே.

இரத்தத்தின் வாதம்

இதே காலத்தில் மற்றொரு வழக்கும் உச்சநீதிமன்றத்தில் நடந்தது. ஜப்பானில் பிறந்து இருபது ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் வாழ்ந்த தகாவோ ஒஸாவா, தம் தோல் வெண்மையானதே என்று வாதிட்டார். வெள்ளையர் என்பது தோலின் நிறத்தைக் குறிப்பதன்று, அது காக்கேசிய இனத்தைக் குறிப்பது என்று சொல்லி, 1922 நவம்பர் 13 அன்று நீதிமன்றம் அவரை நிராகரித்தது. தீர்ப்பை எழுதியவர் ஜார்ஜ் சதர்லாண்ட்.

திந்தின் தரப்புக்கு இது நற்செய்தியாகவே பட்டிருக்கும். அக்காலத்து இனவியல் நூல்கள் வட இந்தியரைக் காக்கேசிய இனத்தில்தான் வைத்திருந்தன. ஆரியர் வந்து குடியேறிய நிலம் பஞ்சாப் என்றும், சாதிக்கட்டு அந்த இரத்தத்தைக் கலப்பின்றிக் காத்தது என்றும் அவருடைய வழக்குரைஞர்கள் வாதத்தைக் கட்டினார்கள். மணஉறவைப் பொறுத்தவரை அமெரிக்க வெள்ளையர் கறுப்பினத்தவரை எப்படிப் பார்க்கிறாரோ, அப்படித்தான் உயர்சாதி இந்துவும் இந்தியாவின் பழங்குடிகளைப் பார்க்கிறார் என்றுகூட அவர்களுடைய வாதுரை சொல்லிற்று.

சாதியை மறுத்த குருமார்களின் வழியில் வந்த சீக்கியர் ஒருவரின் பெயரால் இந்த வாதம் வைக்கப்பட்டது. இந்தியர் அனைவரையும் இந்துக்கள் என்றே அழைப்பது அன்றைய அமெரிக்க வழக்கமாதலால், அவருடைய சமயம் எது என்பதில் நீதிமன்றம் அக்கறை காட்டவில்லை. சட்டம் திறந்துவைத்திருந்த கதவு அது ஒன்றே என்பதால் வழக்குரைஞர்கள் அதன் வழியே நுழைய முயன்றார்கள் என்று இதற்கு விளக்கம் தரலாம்; அதற்காக வாதத்தின் இழிவு குறைந்துவிடாது.

1923 பிப்ரவரி 19 அன்று ஒருமித்த தீர்ப்பு வந்தது. இதை எழுதியவரும் சதர்லாண்டே.

மூன்று மாதங்களுக்குமுன் ஒஸாவாவைத் தடுக்கத் தாமே துணைக்கழைத்த இனவியலை, திந்தைத் தடுக்க அவர் கைவிட்டார். காக்கேசியர் என்பதும் வெள்ளையர் என்பதும் ஒன்றாகா. சட்டத்தின் சொல்லுக்கு அறிஞர்களின் வகைப்பாட்டை அன்றிச் சாமானிய மனிதரின் புரிதலையே பொருளாகக் கொள்ள வேண்டும் என்றார். ஆரிய இனக்கொள்கையை அறிஞர்களே கைவிட்டுவிட்டதாகவும், சாதிவிதிகள் கலப்பை முழுமையாகத் தடுத்துவிடவில்லை என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் நின்று கவனிக்க வேண்டிய ஒரு வரி வருகிறது. இந்துஸ்தானத்திலும் பேராரிலும் ஆரியர், கருநிறத் திராவிடரோடு கலந்துவிட்டார்கள் என்பதைக் கலப்புக்கு எடுத்துக்காட்டாக நீதிபதி முன்வைத்தார். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த அதே நாள்களில், ஆரியர்–திராவிடர் என்னும் பாகுபாடு கடல்கடந்து, ஒரு பஞ்சாபியரின் குடியுரிமையைப் பறிக்கும் தீர்ப்பில் சான்றாகப் பயன்பட்டது.

ஐரோப்பியரின் பிள்ளைகள் அமெரிக்க மக்களோடு விரைவில் கலந்து தம் பூர்வ அடையாளத்தை இழந்துவிடுவார்கள், இந்துப் பெற்றோரின் பிள்ளைகளுக்கோ அது தலைமுறைதோறும் முகத்தில் தங்கியிருக்கும் என்பதும் தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. சதர்லாண்ட் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பிறந்து, குழந்தையாக யூட்டாவுக்கு வந்தவர். அவர் குடியேறி என்பதை யாரும் முகம்பார்த்துச் சொல்லியிருக்க முடியாது.

முதற் கேள்விக்கே ‘இல்லை’ என்று விடை வந்துவிட்டதால், இரண்டாவதற்கு விடை தேவைப்படவில்லை. திந்த் இரண்டாம் முறையாகக் குடியுரிமை இழந்தார்.

கேட்கப்படாத கேள்வி

தீர்ப்பின் விளைவு ஒருவரோடு நிற்கவில்லை. ஏற்கெனவே குடிமக்களாகிவிட்ட இந்தியர்களின் சான்றிதழ்கள் சட்டவிரோதமாகப் பெறப்பட்டவை என்று கூறி, அவற்றை ரத்துசெய்ய அரசு வரிசையாக வழக்குத் தொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு உரிமை இழந்தார்கள். குடிமகனாகும் தகுதியற்ற அயல்நாட்டவர் விளைநிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியச் சட்டம் விதித்திருந்ததால், அங்கிருந்த பஞ்சாபி உழவர்களின் நிலமும் கேள்விக்குள்ளாயிற்று. 1914இல் குடிமகனாகி, கலிபோர்னியாவில் வழக்குரைஞராக இருந்த சகாராம் கணேஷ் பண்டிட்டின் குடியுரிமைக்கு எதிராகவும் அரசு வழக்காடியது. அவர் அதை எதிர்த்துப் போராடிய விதம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது.

ஆனால் திந்த் வழக்கு ஒரு கேள்வியை மட்டும் தீர்க்காமல் விட்டது. ஆசியர் வெள்ளையர் அல்லர் என்பது முடிவாகிவிட்டது. ஆசியப் படைவீரர் வெள்ளையராகத்தான் இருக்க வேண்டுமா என்பது நீதிமன்றத்தின்முன் வைக்கப்படவே இல்லை.

1918 மே மாதச் சட்டத்தின் ஒரு பிரிவு ‘எந்த அயல்நாட்டவரும்’ என்று தாராளமாகப் பேசியது. அதே சட்டத்தின் வேறொரு பிரிவு, இனத்தகுதி பற்றிய பழைய விதியை இச்சட்டம் நீக்கவோ விரிக்கவோ இல்லை என்றது. உடனே, மேற்படி பிரிவில் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் அதற்கு விலக்கு உண்டு என்றும் சேர்த்தது. அந்த விலக்கு எல்லா ஆசிய வீரர்களுக்குமா, அதே பிரிவில் பெயர்சொல்லிக் குறிக்கப்பட்டிருந்த பிலிப்பைன்ஸ் வீரர்களுக்கு மட்டுமா என்பது, சட்டத்தை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறியது.

அட்லாண்டிக் கரையில் ஒருவருக்கு அந்த வேறுபாடே வாழ்வாக இருந்தது. ஹிடெமிட்சு டொயோட்டா ஜப்பானில் பிறந்தவர். 1913 நவம்பரிலிருந்து 1923 மே வரை ஏறத்தாழ இடைவிடாமல் அமெரிக்கக் கடலோரக் காவற்பணியில் இருந்தவர். ஒவ்வொரு பணிக்காலம் முடியும்போதும் கிடைத்த நன்மதிப்பு விடுவிப்பு ஆவணங்கள் எட்டுக்குக் குறையாமல் அவரிடம் இருந்தன. அவற்றுள் சில போர்க்காலத்துக்கு உரியவை. 1921இல் மாசசூசெட்ஸ் மாவட்ட நீதிமன்றம் அவரைக் குடிமகனாக்கியது. அதை ரத்துசெய்யக் கோரி அரசு தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது.

திந்தின் வழக்கைப் போல இதில் ஆரியர், காக்கேசியர் என்னும் மூடுதிரை எதுவும் இல்லை. ஜப்பானியர் வெள்ளையர் அல்லர் என்று ஒஸாவா வழக்கிலேயே முடிவாகிவிட்டதால், டொயோட்டா தம் பத்தாண்டுச் சேவையை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு வந்தார். ‘எந்த அயல்நாட்டவரும்’ என்று காங்கிரஸ் எழுதிய சொற்களுக்குள் அவரும் அடங்குவாரா?

(தொடரும்)